போர்ட்டிகோ கொண்டருளிய தேவர் மெய்க்கீர்த்தி

கங்கை கொண்டவரையும் கடாரம் கொண்டவரையும் கல்வெட்டுகள் மறக்கவில்லை. போர்ட்டிகோ கொண்டவரைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட எழுதப்படாமல் இருப்பது கோயம்புத்தூருக்கு அழகல்ல. எங்கள் தெருவில், எதிர்வீட்டில் எழுந்தருளியிருக்கும் எந்திராதிராஜர், சொந்தக் காரைத் தெருவுக்கு நாடு கடத்தி, போர்ட்டிகோவைத் தனியொருவராக வென்று, அங்கே எட்டுக்கு நாலு அடியில், கணினி சொல்படி மரம் செதுக்கும் ஒரு சிஎன்சி ரவுட்டரைத் தம் திருக்கரத்தாலேயே சமைத்து முடிசூட்டியிருக்கிறார். வெயிலில் காய்ந்து மழையில் நனைந்து வேப்பம்பூ மூடி நிற்கும் அந்தக் கார்தான் அன்னாரின் முதல் வெற்றித்தூண்.

இத்தனை பெரிய படையெடுப்புக்கும் காரணம் ஒரு தாமரை. பூஜை அறைக் கதவில் ஒரு தாமரைப்பூ இருந்தால் நன்றாக இருக்கும் என்று பட்டத்தரசியார் ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். சாமானியர்கள் என்ன செய்வார்கள்? தச்சரிடம் சொல்வார்கள். இல்லாவிட்டால், இந்த ஊரில் சதுர அடிக் கணக்கில் ஜாலி வெட்டிக் கொடுக்கும் கடை ஒன்றுக்குப் படத்தை அனுப்பிவிட்டு மறுநாள் போய் எடுத்துவருவார்கள். அந்தச் சிறுமை நம் பேரரசருக்கு எப்படி ஒவ்வும்? ஒரு தாமரைக்காகக் குளமே வெட்டத் துணிந்தார். குளம் வெட்டி முடியும்வரை பூஜை அறை கதவில்லாமல் கிடந்தது. வாசலில் தொங்கவிட்ட பழைய சேலைக்குப் பின்னால் சாமியும் பொறுமையாக இருந்தார்.

கட்டர் மாட்டிய தலையை மேடையின்மேல் அங்குமிங்கும் நகர்த்த வழிகள் பல உண்டு. பெல்ட் போடலாம், பால் ஸ்குரூ போடலாம். எட்டடி நீளத்துக்குப் பால் ஸ்குரூ போட்டு வேகமாகச் சுற்றினால் அது நடுவில் வளைந்து உதறும். ஆகவே ரேக் அண்டு பினியன் போடுவது என்று அரசர் முடிவெடுத்தார். வரிசையாகப் பல் வெட்டிய இரும்புச் சட்டம் ஒன்று. அதன்மேல் உருண்டு போகும் சிறிய பல்சக்கரம் ஒன்று. பெரிய மர ரவுட்டர்களும், இரும்புத் தகடு வெட்டும் பிளாஸ்மா மேடைகளும் இதில்தான் ஓடுகின்றன. சட்டத்தை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக்கொண்டே போனால் எவ்வளவு நீளம் வேண்டுமானாலும் கிடைக்கும். விவரம் தெரிந்த எவரும் எடுத்திருக்கக்கூடிய முடிவு என்பதால் இதில் அன்னாரின் தனிப்பெருமை குறைவு. பெருமையெல்லாம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

பட்டறைக்காரர்கள் ஸ்டெப்பர் மோட்டாரை நேராகப் பினியனில் கோக்க மாட்டார்கள். நடுவில் சின்னதும் பெரியதுமாக இரண்டு புல்லியும் ஒரு பெல்ட்டும் வைத்து, மூன்று சுற்றுக்கு ஒன்று, நான்கு சுற்றுக்கு ஒன்று என்று வேகத்தைக் குறைப்பார்கள். குறைத்த அளவுக்கு வலு கூடும், அடிவைப்பும் பொடியாகும் என்பது அவர்கள் கணக்கு. மன்னனுக்கும் குடிகளுக்கும் நடுவே தரகர் எதற்கு என்று அரசர் அந்த பெல்ட்டை ஒழித்தார். மோட்டார் தண்டிலேயே பினியன் ஏறியது. பல்லின் அளவு 1.5 மாட்யூல், மொத்தம் 20 பல். ஒரு சுற்றுச் சுற்றினால் 94.25 மி.மீ. நகரும். ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றை 200 அடியாக வைத்து நடக்கும் பிராணி. ஆக, ஓர் அடிக்கு 0.47 மி.மீ. 5 மி.மீ. புரியுள்ள பால் ஸ்குரூவில் அதே மோட்டார் ஓர் அடிக்கு 0.025 மி.மீ. நகர்ந்து ஊர்கிறது. மூன்றடியில் உலகளந்த பெருமானுக்குப் பிறகு அடி எடுத்து வைப்பதில் இவ்வளவு தாராளம் காட்டியவர் நம்மவர்தான்.

மோட்டாரை இயக்கும் டிரைவரில் மைக்ரோஸ்டெப்பை எட்டில் வைத்தால் அந்த ஓர் அடி எட்டாகப் பிரியும் என்று காகிதத்தில் போட்டிருக்கிறது. காகிதத்தில் இருப்பதை மரமும் கட்டரும் மதித்து நடக்க வேண்டும் என்று அரசர் எதிர்பார்க்கிறார். அவைதான் படிப்பறிவில்லாமல் நடுவழியில் மோட்டாரைப் பிடித்துத் தள்ளுகின்றன. வலுவிலும் அன்னார் எளிமையானவர். 1.9 நியூட்டன் மீட்டர் மோட்டார், பினியனின் ஆரம் 15 மி.மீ.; நிற்கும் நிலையில் தள்ளுவிசை ஏறக்குறைய 13 கிலோ. அரைச் சிப்பம் அரிசியைத் தள்ளிவைக்கும் வலு. ஓட ஓட ஸ்டெப்பர் மோட்டாரின் வலு இன்னும் இறங்கும். வலிமை கூடக்கூட ஆணவம் கூடும் என்பதை அறிந்த ஞானிக்குத்தான் இப்படி ஒரு மோட்டார் வாய்க்கும்.

அரசரின் அகிம்சைக்கு வருகிறேன். ரேக்கின் பல்லும் பினியனின் பல்லும் சேருமிடத்தில் மயிரிழை இடைவெளியாவது இல்லாமல் எதுவும் ஓடாது. போகும்போது பல்லின் ஒரு பக்கம் தள்ளும். திரும்பும்போது மறுபக்கம் வந்து தொடும்வரை மோட்டார் சுற்றும், தலை நகராது. பட்டறையில் இதற்கு ஆட்டம் என்று பெயர். அதை ஒடுக்க, மோட்டாரை ஒரு கீல் தகட்டில் மாட்டி, ஒரு ஸ்பிரிங் கொடுத்து, பினியனை எந்நேரமும் ரேக்கோடு சேர்த்து அழுத்தியே வைப்பார்கள். ஓர் உயிரின் கழுத்தைப் பிடித்து இன்னோர் உயிரின் மேல் இப்படி ஓயாமல் அழுத்துவதை அரசரின் திருவுளம் பொறுக்கவில்லை. மோட்டாரை நான்கு போல்ட்டில் அசையாமல் நிறுத்தி, பினியனும் ரேக்கும் மரியாதையாகச் சற்றுத் தள்ளி நின்றே பழகட்டும் என்று அருளிவிட்டார். அந்த மரியாதையின் அகலத்தை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். பின்னால் விளக்கைப் பிடித்தால் வெளிச்சமும் தெரியும்.

பக்கத்திலேயே நீலகிரி மலை ரயில் இருக்கிறது. 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை ஓடத் தொடங்கியது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் வரும். சுமார் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தில் எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வித்தான் ஏறுகிறது. அதைப் போட்டவர்கள் பாவம், சந்தேகப் பிராணிகள். ஒரு சட்டம் போதாதென்று இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒன்றில் பல் வருமிடத்தில் மற்றதில் பள்ளம் வரும்படி மாற்றியும் வைத்தார்கள். சுவிட்சர்லாந்துக்காரரான ரோமன் அப்ட் வகுத்த முறை. ஏதாவது ஒரு பல் எந்நேரமும் பிடியில் இருந்தாக வேண்டுமாம். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த ரயில் அதே அவநம்பிக்கையோடு மலையேறிக்கொண்டிருக்கிறது. நம் அரசர் அதில் குடும்பத்தோடு போய்வந்தவர். குன்னூரில் இறங்கிப் பல்சட்டத்தோடு நின்று படமும் எடுத்துக்கொண்டவர். அப்படியிருந்தும் அந்த ரயிலின் தாக்கம் தம் படைப்பில் ஒரு பல்லளவும் விழாமல் காத்துக்கொண்ட சுயசிந்தனை எத்தனை பேருக்கு வரும்?

எந்திரத்தின் உடம்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும். உக்கடம் பக்கம் பழைய இரும்புக் கடையில் கிலோக் கணக்கில் கிடைத்த சதுரப் பைப்புகள் அவை. பைப்பை வெல்டிங் வைத்தால் சூட்டில் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும் என்பது வெல்டர் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். ஆகவே வெல்டிங் முடித்தபின், தலையைத் தாங்கி மேடைக்குக் குறுக்கே நிற்கும் கேன்ட்ரி என்ற பாலம் ஓடும் ரெயில் உட்காரும் முகத்தைப் பெரிய மில்லிங் மெஷினில் கொடுத்துச் சமன் செய்து வாங்குவார்கள். தடுக்கி விழுந்தால் மெஷின் ஷாப் வாசலில்தான் விழ வேண்டும் என்கிற ஊரில், அந்தச் சலுகையைக்கூட நாடாமல், இழுத்த பைப்பின் மேலேயே லீனியர் ரெயிலை முடுக்கினார் அரசர். பைப் வளைந்தால் ரெயிலும் வளையும். ரெயிலோடு போகிற பினியன் சில இடத்தில் ரேக்கை நெருங்கும், சில இடத்தில் விலகும். நெருங்குமிடத்தில் முனகுகிறது, விலகுமிடத்தில் ஊஞ்சலாடுகிறது. சாதாரண 20 டிகிரிப் பல்லில், பினியன் அரை மி.மீ. விலகினால் ஆட்டம் 0.36 மி.மீ. கூடும். லினக்ஸ் சிஎன்சி, மாக்3 போன்ற மென்பொருள்களில் ஆட்டம் எவ்வளவென்று ஓர் எண்ணைக் கொடுத்தால் திரும்பும்போதெல்லாம் அதை ஈடுகட்டும் ஏற்பாடு உண்டு. அரசரின் ஆட்டமோ ஓர் எண்ணில் அடங்குவதில்லை. அடிக்கு ஓர் எண் வேண்டும். எண்ணிலடங்காப் புகழ் என்று புலவர்கள் சும்மா எழுதுவார்கள். இங்கே அதை அளந்தே காட்டலாம்.

அளந்து காட்டும் பாக்கியம் அடியேனுக்கே கிட்டியது. லேத் பட்டறையிலேயே தலை நரைத்தவன் என்ற உரிமையில் ஒரு டயல் கேஜைக் கொண்டுபோய், காந்தத் தாங்கியை மேடையில் ஒட்டி, முனையைக் கேன்ட்ரியில் தொட வைத்தேன். மோட்டாருக்குக் கரன்ட் இருந்தது. அசையாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய நேரம். கட்டைவிரலால் கேன்ட்ரியை மெல்லத் தள்ளினேன். ஊசி நாற்பது கோடு போனது. ஒரு கோடு 0.01 மி.மீ. விரலை எடுத்தேன், அங்கேயே நின்றது. மறுபக்கமிருந்து தள்ளினேன், நாற்பதும் திரும்பி வந்தது.

“ஏனுங் தம்பி, பாத்தீங்களா?” என்றேன்.

அரசர் குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஊசியைக் கூர்ந்து நோக்கியருளினார்.

“உங்க கேஜுதானுங்ணா ஆடுது” என்று தீர்ப்புச் சொன்னார்.

அளவுகோலையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் இந்த நீதிநெறிக்கு முன்னால் மனுநீதிச் சோழன் என்ன, மாமன்னர்கள் யாராக இருந்தாலும் தேர்க்காலைத் திருப்பிக்கொண்டு போக வேண்டியதுதான். கேஜைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்னாரின் கொடைத்திறமும் பாடத் தக்கது. ஒரு மி.மீ. நகர மோட்டார் எத்தனை மைக்ரோஸ்டெப் வைக்க வேண்டும் என்று கன்ட்ரோலருக்குச் சொல்ல வேண்டும். 1600-ஐ 94.25-ஆல் வகுத்தால் 16.976 என்று ஏதோ வரும். பினியனின் சுற்றளவில் பை இருக்கிறது. பை இருக்குமிடத்தில் தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் வால் முடிவதே இல்லை. வால் பிடித்துத் திரிவது அரசருக்கு அழகா? 17 என்று முழுசாகப் போட்டுவிட்டார். அதன் பயன், நாலடிக்கு வெட்டச் சொன்னால் எந்திரம் ஒன்றரை மி.மீ.க்கும் மேலே சேர்த்தே வெட்டும். எட்டடிக்கு மூன்றைத் தாண்டும். கேட்டதற்கு மேல் கொடுக்கும் இந்தக் கர்ண குணத்தால் அளவெடுத்துச் செய்த எந்தப் பலகையும் எந்தச் சட்டத்திலும் இதுவரை நுழைந்ததில்லை.

ரேக் மீட்டர் மீட்டராகத் துண்டில் வரும். இரண்டைச் சேர்க்கும்போது மூன்றாவது துண்டைக் கவிழ்த்து, இரண்டிலும் பல் பொருந்தும்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அப்புறம் போல்ட்டை முடுக்குவது பட்டறை வழக்கம். அரசர் கண்பார்வையிலேயே சேர்த்தார். ஆகையால் கேன்ட்ரி ஒவ்வோர் இணைப்பைக் கடக்கும்போதும் ‘டொக்’ என்று ஓர் ஓசை எழும். பவனி எந்த மீட்டரைத் தாண்டுகிறது என்று அந்தக் கட்டியம் தெருக்கோடிவரை அறிவிக்கும். இடப்பக்க இணைப்பும் வலப்பக்க இணைப்பும் ஒரே இடத்தில் வராததால் டொக் சத்தம் முன்னும் பின்னுமாக விழுகிறது. கேன்ட்ரியும் ஒரு தோளை முன்னே விட்டு, மறு தோளைப் பின்னே இழுத்து, சற்று ஒய்யாரமாகவே நடக்கிறது. அதில் வெட்டிய செவ்வகங்களின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பார்த்து ஒன்றுக்கொன்று சமமா என்று கேட்பவர்கள், ஒய்யாரத்தை ரசிக்கத் தெரியாதவர்கள்.

இனி படைப்புகள். வட்டம் வெட்ட எக்ஸ், ஒய் இரண்டு அச்சும் கூடி நடக்க வேண்டும். கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என நான்கு இடத்தில் ஏதாவது ஓர் அச்சு திசை திரும்பும். திரும்பும் அச்சு ஆட்டம் தீரும்வரை சும்மா நிற்க, மற்றது மட்டும் நகர, அந்த இடத்தில் வட்டம் தட்டையாகிவிடும். பெரிய வட்டத்தில் இது கண்ணில் படாமலும் போகலாம். சின்ன வட்டத்தில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. அரசர் முதன்முதலில் செதுக்கியருளிய ‘அன்னை இல்லம்’ என்ற பெயர்ப்பலகையைச் சென்று பாருங்கள். வளைவும் சுழியுமாகவே பிறந்த எழுத்து நம்முடையது. சுழிக்குச் சுழி அச்சு திரும்பியாக வேண்டும். னகரத்தின் சுழிகள் தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வராமல் வெளியே நழுவிப் போகின்றன. லகரம் வயிறு ஒட்டி நிற்கிறது. தலைமேல் இருக்கும் மூன்று புள்ளிகளும் வட்டத்துக்கும் சதுரத்துக்கும் நடுவே யூக்ளிட் காணாத ஒரு வடிவத்தில் இருக்கின்றன. தபால்காரர் இப்போதெல்லாம் கதவு எண்ணைப் பார்த்துத்தான் கடிதம் போடுகிறார். எளிதில் வாசிக்க முடியாததைத்தானே ஊர் கல்வெட்டு என்று போற்றுகிறது?

தாமரையும் பிறந்தது. எட்டு இதழ், எட்டும் எட்டு விதம். வாசல் நிலை வேலைக்கு வந்திருந்த வயதான தச்சர் ஒருவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங் தம்பி, இதழு நாலு பக்கமும் மொண்ணையா இருக்குதுங்களே?”

“அது டிசைனுங்க.”

“நடுவுல ஒரு வரி ரெண்டா ஓடியிருக்குதுங்?”

“அதும் டிசைன்தானுங்க.”

பெரியவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. உளிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் நிலையைப் பார்க்கப் போய்விட்டார். பிழை என்ற சொல்லையே ஆட்சியெல்லையிலிருந்து அகற்றிவிட்ட ஓர் அரசின் முன் குடிமகன் ஒருவன் வேறென்ன பேச முடியும்?

அந்த இரட்டை வரிக்குப் பின்னால் ஒரு பெரிய தத்துவம் இருக்கிறது. 1952-ல் அமெரிக்காவில் எம்ஐடியில் எண்களைக் கொண்டு இயங்கும் மில்லிங் எந்திரத்தை உலகுக்குக் காட்டினார்கள். துளையிட்ட காகித நாடாவில் கட்டளை. ஒவ்வோர் அச்சும் சொன்ன இடத்துக்கு வந்து சேர்ந்ததா என்று அளந்து திருப்பிச் சொல்ல ஓர் ஏற்பாடு. தாம் செய்த எந்திரத்தையே நம்பாமல் ஒவ்வோர் அங்குலத்துக்கும் சாட்சி கேட்டவர்கள் அவர்கள். நம் அரசரின் கன்ட்ரோலர் சாட்சி கேட்பதே இல்லை. நார்வேக்காரரான சிமன் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ரூட் 2009-ல் எழுதி உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்த ஜிஆர்பிஎல், 32 கிலோபைட் நினைவகம் கொண்ட அர்டுயினோ ஊனோ அட்டையில் ஓடுகிறது. எறும்பளவு மூளைக்கு அது செய்யும் வேலை மிகப் பெரிது. அட்டை ‘நட’ என்று சொல்லும். மோட்டார் நடந்ததா, தடுக்கி நின்றதா என்று பார்க்க அதற்குக் கண் கிடையாது. கண் வைப்பது கட்டுகிறவரின் பொறுப்பு. குறைந்தபட்சம், தடுக்காதபடி வலுவும் நிதானமும் கொடுப்பதாவது அவர் பொறுப்பு. அரசர் நிதானத்தைக் கைவிட்டு வேகத்தைத் திருவுளங்கொண்டார். வீடியோவில் கேன்ட்ரி மின்னலாய்ப் பாய்ந்தால்தான் பார்ப்பவர்கள் கைதட்டுவார்கள் அல்லவா? பாய்ந்த வேகத்தில் மோட்டார் நடையில் நாலடி தவறவிட்டால், திரையில் தலை 600 மி.மீ.-ல் இருக்கும், மேடையில் 598-ல் இருக்கும். அதற்குப் பிறகு வெட்டுவதெல்லாம் தள்ளியே விழும். திரை மட்டும் கடைசிவரை 600 என்றே சாதிக்கும். இப்படிப்பட்ட விசுவாசத்தை இந்தக் காலத்தில் எங்கே பார்க்கிறோம்?

கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் வேகத்தை ஆளும் விஎஃப்டியிலிருந்து போகும் ஒயருக்கு ஷீல்டு போடாததால், அதன் மின் இரைச்சல் பக்கத்திலேயே ஓடிய லிமிட் சுவிட்ச் ஒயரில் ஏறி, அடிக்கடி ‘அலாரம்’ என்று எந்திரம் நின்றது. அரசர் ஆய்ந்தார். லிமிட் சுவிட்சுகளைக் கழற்றிவிட்டார். அன்றுமுதல் அரண்மனையில் அபாயக்குரலே இல்லை. கேன்ட்ரி எல்லை தாண்டிப் போய் முட்டும் சத்தம் மட்டும் உண்டு.

இசட் அச்சுக்கும் அன்னார் ரேக்கே போட்டது அவருடைய கொள்கை உறுதிக்குச் சான்று. மேலும் கீழும் போகிற அச்சுக்கு மட்டும் பட்டறைக்காரர்கள் ஸ்குரூ போட்டுக்கொள்வார்கள். பொடிப் புரியுள்ள சாதா ஸ்குரூவாக இருந்தால், கரன்ட் போனாலும் தலை நின்ற இடத்தில் நிற்கும். நேராகக் கோத்த ரேக் பினியனுக்கு அந்தப் பிடிவாதம் கிடையாது. மோட்டாருக்குக் கரன்ட் இருக்கும்வரைதான் பிடி. போன மறுகணம் 2.2 கிலோவாட் ஸ்பிண்டில், தாங்கித் தகடும் தண்ணீர்க் குழாயும் சேர்ந்த எடையோடு, கட்டர் முனையை முன்னே நீட்டிக்கொண்டு தரையிறங்கும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைத் தினசரியில் தேடிப் படிக்கும் வழக்கம் எங்கள் தெருவில் யாருக்கும் இருந்ததில்லை. இப்போது அரசியார் தவறாமல் படிக்கிறார். மின்தடை நாளன்று காலை ஒன்பது மணிக்கு முன்பே பிள்ளைகளைப் போர்ட்டிகோவிலிருந்து உள்ளே அழைத்துக்கொள்கிறார். மேடைப்பலகையில் ஆங்காங்கே காணும் ஆழமான குழிகள் அந்தத் திருவிறக்கங்களின் நினைவுச் சின்னங்கள். ஒன்றிலும் விரல் இல்லை என்பது தெருப் பிள்ளையாரின் கருணை.

அரசரின் ஈகையில் எங்களுக்கும் பங்கு உண்டு. எம்டிஎஃப் பலகையை நிமிடத்துக்கு 24,000 சுற்றில் கடைந்தால் எழும் பொடி கோதுமை மாவிலும் மெல்லியது. உறிஞ்சி எடுக்கும் ஏற்பாடு இல்லாத போர்ட்டிகோவிலிருந்து அது சாதி மத பேதமின்றி எல்லா வீட்டு மாடிக்கும் போகிறது. காயப்போட்ட வேட்டியிலும், உலர்த்திய மிளகாயிலும், அடியேனின் மூக்கிலும் படிகிறது. மரத்தூளையும், அந்தப் பலகையை ஒட்டவைத்த பிசினிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடையும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் வகுப்பில் சேர்த்திருக்கிறது. எங்கள் தெருவுக்கு இதுவரை முதல் வகுப்பில் எதுவும் வந்ததில்லை.

மிச்சப் பொடி ரேக்கின் மேல் இறங்கியது. பல் மேல்நோக்கி இருக்கும்படி மாட்டி, தாராளமாகக் கிரீஸும் பூசிவைத்ததால், பொடியும் கிரீஸும் குழைந்து பல்லிடுக்கையெல்லாம் அடைத்து, ரேக் முழுக்கச் சந்தனக்காப்பு சாத்தியதுபோல் ஆகிவிட்டது. பினியன் ஏறும் இடத்தில் கேன்ட்ரி மெல்ல எழுந்து அடங்குகிறது. பழைய டூத்பிரஷ் ஒன்றால் அரசர் பல் துலக்கி வருகிறார். சொல்லக் கூச்சமாக இருந்தாலும், காப்பு சாத்திய நாள்களில் ஆட்டம் கொஞ்சம் குறைவாகவே தெரிகிறது.

இப்படியெல்லாம் அத்தியாவசியங்களைத் துறந்தவர் அலங்காரத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. சட்டகத்துக்கு உலோக நீலப் பெயின்ட், மூன்று கோட். ஒயரெல்லாம் கறுப்புக் கேபிள் செயினுக்குள். மேடையைச் சுற்றி எல்இடி பட்டை, ரிமோட்டில் நிறம் மாறும். எந்திரத்தின் நெற்றியில், வெளியே ஒரு கடையில் லேசரில் வெட்டி வாங்கிய அக்ரிலிக் பெயர்ப்பலகை. அதிலுள்ள வட்டங்கள் மட்டும் வட்டமாக இருக்கின்றன. ஒரு ஸ்பிரிங்கும் இரண்டு புல்லியும் வாங்க அரசுக் கருவூலம் இடம் கொடுக்கவில்லை என்பதை, இத்தனை ஜொலிப்புக்கு நடுவே எந்தக் கயவனுக்குக் கேட்கத் தோன்றும்?

கதவு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வாசல் நிலையை முடித்த அந்தப் பெரியவர், மிஞ்சிய தேக்குப் பலகையில் உளியாலேயே ஒரு தாமரையைச் செதுக்கி, பூஜை அறைக்குக் கதவு மாட்டிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அரசியார் சேலையைக் கழற்றி மடித்து வைத்தார். கைவேலையில் வட்டம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வந்துவிடுவதால் அதில் உயிரோட்டம் குறைவு என்று அரசர் அபிப்பிராயம் தெரிவித்தருளினார்.

அன்னாரின் கவனம் இப்போது வாரிசின்மேல் திரும்பியிருக்கிறது. இரண்டாம் எந்திரம் ஒன்று கருவில் உருவாகிறது. அதன் மோட்டார் தகடுகள், பேரிங் வீடுகள், கேன்ட்ரியின் பக்கச் சுவர்கள் எல்லாவற்றையும் முதல் எந்திரத்திலேயே வெட்டிக்கொண்டிருக்கிறார். தந்தையின் 0.4 மி.மீ. ஒவ்வொரு துளையிலும் தனயனுக்குப் போய்ச் சேர்கிறது. வம்சம் தழைக்கும்.

தரிசனம் மாலை ஆறு மணிக்குமேல் நடைபெறுகிறது. வருகிறவர்கள் காரைத் தெருக்கோடியிலேயே நிறுத்திவிட வேண்டும். வாசலில் ஏற்கெனவே ஒன்று நிற்கிறது. மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளவும். ஸ்பிண்டிலுக்குக் கீழே கை நீட்ட வேண்டாம். அரசரின் கையால் செய்த பரிசில் எதையாவது பெற்றுச் செல்ல விரும்புகிறவர்கள் 80 நம்பர் உப்புத்தாள் ஒரு கட்டைக் கையுறையாகக் கொண்டு வருவது நலம்.